சொன்னால் கேட்காதவள்

செய்தி வந்தபோது காலை எட்டே முக்கால். கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். பக்கத்து ரத்தப் பரிசோதனை நிலையத்து டாக்டர் போனில் பேசினார். "அண்ணாச்சி, நம்ம மாரிச்செல்விய பஸ் ஸ்டாண்ட் வளைவுல மினி லாரி இடிச்சிட்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு."

அந்த நேரத்தில் ஒரு மனுஷன் என்ன கேட்பான்? ஐயோ என்பான், எப்படி என்பான். நான் கேட்டது, "வண்டி எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு?" அவருக்கு விளங்கவில்லை. திரும்பவும் கேட்டேன். "இடது பக்கம்னுதான் சொல்லுதாவ. ஏன் அண்ணாச்சி?" என்றார். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அந்த ஏனுக்குப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

வியாபாரிகள் சங்கத்துத் தம்பிகள் வந்து, பதினாறாம் நாளைக்கு ஒரு நினைவஞ்சலி மலர் போடுகிறோம், பதினெட்டு வருஷம் பக்கத்துக் கடையில் இருந்தவர் நீங்கள், நீங்கள்தான் எழுத வேண்டும் என்றார்கள். 'பழக இனியவர், பண்பின் சிகரம்' என்று இரண்டு நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். செல்வி அப்படியொன்றும் பழக இனியவள் அல்ல. வாய் நீளம். என் மருந்துக் கடை அலமாரியில் தூசி இருந்தால், வாடிக்கையாளர் முன்னாலேயே, "அண்ணாச்சி, இது மருந்தா, மண்ணா?" என்று கேட்பாள். இலஞ்சியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினால், வேலை பார்த்த அந்தப் பக்கத்து லேபுக்குப் போகுமுன் என் கடையில் ஒரு குற்றமாவது கண்டுபிடிக்காமல் போகமாட்டாள். அப்படிப்பட்டவளைப் பண்பின் சிகரம் என்று எழுதினால் ஆவியாக வந்து என்னைத் திட்டுவாள்.

வேலையில் அவள் எப்படி என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒருநாள் மத்தியானம் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து நேரே என் கடைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அண்ணாச்சி, ரத்த அணுவுக்கெல்லாம் வால் முளைச்சிருக்கு. தலைப்பிரட்டை மாதிரி. ஒண்ணு மூணாத் தெரியுது" என்றாள். கண்ணாடிக் கடைக்காரர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பவர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. எந்தக் கண்ணாடியும் அவளுக்குச் சரிவரவில்லை. அன்றைக்கு எண்ணி முடித்த ரிப்போர்ட் அத்தனையையும் அவள் கிழித்துப் போட்டாள். வேறொருவரை வைத்துத் திரும்ப எண்ணச் சொன்னாள். வெளியே காத்திருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். "சந்தேகத்தோட கையெழுத்துப் போட்டா அது ரிப்போர்ட் இல்ல, ஜோசியம்" என்று அவர்களிடமும் சண்டைக்குப் போனாள்.

திருநெல்வேலியில் ஒரு கண் மருத்துவமனையில் பார்த்தார்கள். கெரட்டோகோனஸ் என்றார்கள். மருந்துக் கடை நடத்துகிற எனக்கே அந்தப் பெயர் அன்றுதான் காதில் விழுந்தது. கண்ணுக்கு முன்னால் வாட்ச் கண்ணாடி போல இருக்கிற கருவிழி மெலிந்து மெலிந்து, கூம்பாக முன்னால் பிதுங்கிக்கொண்டு வருமாம். வருகிற வெளிச்சம் எல்லாம் கோணலாக உள்ளே போகும். கண்ணைக் கசக்குகிற பழக்கம் இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டார். செல்வி சிரித்துவிட்டாள். சின்னப் பிள்ளையிலிருந்தே உள்ள பழக்கம்; அவள் கண்ணைக் கசக்குவதைப் பார்த்தால் மாவு பிசைவது போலத்தான் இருக்கும். "இனிமே கை கண்ணுகிட்ட போகக்கூடாது" என்றார் டாக்டரம்மா. அன்றிலிருந்து போகவில்லை. கண் அரித்தால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சொன்னால் கேட்காதவள் என்று சொல்லுகிறவர்கள் இதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வலது கண்ணில் நோய் அவ்வளவு முற்றவில்லை. மஞ்சள் சொட்டு மருந்து விட்டு, நீல வெளிச்சம் காட்டி, மேலும் பிதுங்காமல் கருவிழியைக் கெட்டிப்படுத்தினார்கள். இடது கண்ணில் நோய் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. தழும்பு விழுந்துவிட்டது. இறந்தவர் கொடுத்த கருவிழியை வைத்துத் தைப்பது ஒன்றுதான் வழி என்றார்கள். பெயரை எழுதிவைத்துக் காத்திருந்தோம். ஒருநாள் காலை போன் வந்தது, கண் வந்திருக்கிறது, உடனே புறப்பட்டு வாருங்கள் என்று. அவள் புருஷன் சுடலைமுத்து லோடு வண்டியோடு செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்குள் இருந்தான். நான்தான் கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போனேன். பஸ் ஆலங்குளத்தைத் தாண்டியது. அப்போது செல்வி சொன்னாள்: "யாரோ ஒரு வீட்டுல இன்னிக்கு எழவு விழுந்திருக்கு அண்ணாச்சி. நாம கல்யாணத்துக்குப் போற மாதிரி பையத் தூக்கிட்டுப் போறோம்."

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. பதினாறு தையல். முடியைவிட மெல்லிய நூல். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் கொட்டை எழுத்தில் நாலு வார்த்தை: சிவப்பு, கூச்சம், வலி, மங்கல். வைத்த கண்ணை உடம்பு எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று தள்ளப் பார்க்கும், ஒரு வருஷம் கழித்தும் தள்ளும், அஞ்சு வருஷம் கழித்தும் தள்ளும், இந்த நாலில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஓடி வர வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். செல்வி அதை ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை என் கடையில் ஊசி மருந்து வைக்கிற பிரிட்ஜ் கதவிலும் ஒட்டினாள். "எனக்கு மறந்தாலும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்லா" என்றாள்.

குணமாவது என்றால் ஏதோ கட்டுப் பிரித்ததும் பளிச்சென்று தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒன்றரை வருஷம் இழுத்தது. முதலில் மணிக்கு ஒரு சொட்டு, பிறகு இரண்டு மணிக்கு ஒன்று, பிறகு நாளைக்கு நாலு. சொட்டு மருந்து வேளைக்கு அவள் போனில் சேவல் கூவும். ஆஸ்பத்திரியில் தலைக்குக் குளிக்கலாம் என்று சொல்லுகிறவரை அவள் தலையில் ஒரு துளி தண்ணீர் படவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்து வளர்ந்தவள். "தலையில பேன் குடும்பத்தோட வாடகைக்கு வந்துட்டு அண்ணாச்சி" என்பாள். அடுப்புப் பக்கம் போகாதே என்றால் போகவில்லை. குனியாதே என்றால், தரையில் விழுந்த பேனாவை எடுக்க என் கடைக்கு வந்து ஆளைக் கூப்பிட்டாள். எரிச்சலாகக்கூட இருக்கும் எனக்கு.

தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, புதுக் கண்ணாடி போட்ட பிறகு ஒருநாள் என் கடை வாசலில் நின்றுகொண்டு, இடது கண்ணை மட்டும் திறந்து, போகிற பஸ்ஸைப் பார்த்தாள். "ஆலங்குளம் வழி திருநெல்வேலி" என்று ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அப்படியே திரும்பி என் அலமாரியைப் பார்த்து, "அந்த மூணாவது தட்டுல இருக்குற டானிக் போன மாசமே காலாவதி அண்ணாச்சி" என்றாள். எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். மறுவாரம் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தாள். அணுவுக்கு வால் இல்லை என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

இனி எழுதப் போவதுதான் அவள் இருந்தவரை நான் யாரிடமும் சொல்லாதது.

ஆப்பரேஷன் ஆகி மூன்றாவது சாரல் காலம். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் செல்வி வந்தாள். இடது கண் லேசாகச் சிவந்திருந்தது. டியூப் லைட்டைப் பார்க்க முடியாமல் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்குப் போவணுமோ?"

நான் கணக்கு முடித்துக்கொண்டு அவசரத்தில் இருந்தேன். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தேன். "சூடு" என்றேன்.

நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு அடங்காத வியாதி உண்டா? கட்டி வந்தால் சூடு, வயிறு கடுத்தால் சூடு, கண் சிவந்தால் கேட்கவே வேண்டாம், சூடு. நான் பார்மசி படித்தவன். மருந்து டப்பாவில் இருக்கிற பொடி எழுத்தையெல்லாம் வாசிக்கிறவன். ஆனால் கண் சிவந்தவளைப் பார்த்ததும் என் வாயில் படித்தது வரவில்லை, பிறந்ததிலிருந்து கேட்டது வந்தது.

"ராத்திரி பகலா மைக்ராஸ்கோப்புல கெடக்கே. சாரல் விழுந்து இத்தனை நாளாச்சு, ஒரு குளி குளிச்சியா? நாளைக்கு வெள்ளிக்கெழம. நல்லெண்ணெயத் தேச்சிட்டு அருவியில போய் நில்லு. சூடெல்லாம் பறந்துரும்."

"டாக்டரம்மா அருவி வேண்டாம்னாவளே."

"அது அப்போ. தையலெல்லாம் பிரிச்சாச்சுல்லா? என் பேச்சக் கேளு செல்வி."

அந்த நாலு வார்த்தைத் தாள் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் அதை ஒருதரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க சொன்னா சரிதான்" என்று போனாள். குளிர்ச்சிக்கு ஒரு சொட்டு மருந்துப் பாட்டிலையும் கொடுத்து அனுப்பினேன், பெரிய வைத்தியன் மாதிரி.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்களோடு குற்றாலம் போய், பெண்கள் பக்கம் அரை மணி நேரம் நின்றிருக்கிறாள். சனிக்கிழமை, "இதமாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வலி. அப்போதும் போன் செய்து என்னைத்தான் கேட்டாள். ஒருநாள் பொறு, சூடு இறங்கும்போது அப்படித்தான் இருக்கும் என்றேன். திங்கள்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, கடை வாசலில் நின்று கோயிலின் பெரிய கோபுரத்தைப் பார்த்தாள். "அண்ணாச்சி, கோபுரம் புகைக்குள்ள நிக்கு" என்றாள்.

திருநெல்வேலிக்கு ஓடினோம். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். எப்போது சிவந்தது என்றார். வியாழக்கிழமை என்றாள். "நாலு நாள் என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க?" அருவிக்குப் போனேன் என்றாள். டாக்டரம்மாவின் குரல் உயர்ந்துவிட்டது. "அருவி ஒரு பக்கம் இருக்கட்டும். வியாழக்கிழமையே வந்திருந்தா ஊசி, மருந்துன்னு பாத்துக் காப்பாத்த நல்ல வாய்ப்பு இருந்துச்சு. நாலு நாள் விட்டுட்டீங்க. உங்களை யாரு அருவிக்குப் போகச் சொன்னது?"

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் போனேன்" என்றாள் செல்வி.

ஊசி போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள், படுக்க வைத்துப் பார்த்தார்கள். கண் மீளவில்லை. கருவிழி பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "நீங்க மருந்துக் கடை வச்சிருக்கிய. இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் உங்ககிட்ட மாத்திர வாங்குவானா? எனக்குக் கண்ணு போச்சு. உங்களுக்குப் பேரும் போவணுமாக்கும்?" நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம், உண்மையைச் சொல்லிவிடு என்றும் சொல்லவில்லை. ஆலங்குளத்தில் பஸ் நின்றபோது இறங்கி இரண்டு டீ வாங்கினேன். குடித்தோம்.

அதன் பிறகு ஊர் பேசியதை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். பேசியதே நீங்கள்தான். "ஆப்பரேஷன் பண்ணின கண்ணோட அருவிக்குப் போனாளே, எவ்வளவு கொழுப்பு", "அவ எப்பவும் அப்படித்தான், சொன்னாக் கேக்கமாட்டா." என் கடைக் கவுண்டரில் கை ஊன்றிக்கொண்டு பேசினார்கள். நான் மாத்திரை வெட்டிக்கொண்டே தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன். அவள் மைக்ராஸ்கோப்பை விட்டுவிட்டு லேப் வாசலில் சீட்டு எழுதுகிற இடத்துக்கு மாறினாள். வலது கண்ணில் போட்டிருந்த கெட்டி கான்டாக்ட் லென்ஸ் மத்தியானத்துக்குள் உறுத்த ஆரம்பித்துவிடும். இடது பக்கம் ஆள் வருவது தெரியாமல் எத்தனையோ முறை மோதிக்கொண்டாள். ரோட்டைக் கடக்கும்போது கோழி போலக் கழுத்தை முழுசாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்ததும் உண்டு.

என்னிடம் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் ஒன்று செய்தாள். என் கடையில் யாராவது வந்து, "சூட்டுக்கு ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்றால் போதும், லேபிலிருந்து எழுந்து வந்துவிடுவாள். "எந்தக் கண்ணு? எத்தன நாளா? வெளிச்சம் கூசுதா?" மூன்று கேள்வி. கூசுகிறது என்று சொன்னால் மருந்து கொடுக்கவிடமாட்டாள், பஸ் ஏற்றிவிட்டுத்தான் ஓய்வாள். "உனக்கென்ன தெரியும்னு பேசுத, உன் கண்ணையே காப்பாத்தத் தெரியல" என்று ஒரு அம்மாள் முகத்துக்கு நேரே சொன்னார். செல்வி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அதனாலதான் சொல்லுதேன்" என்றாள்.

இன்னொரு கருவிழிக்குத் திரும்பவும் பெயர் கொடுத்திருந்தாள். முதல் தடவை போல இருக்காது, நிலைக்கிற வாய்ப்பு குறைவு என்று சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் வீட்டில் பை கட்டியே வைத்திருந்தாள். அதற்குள் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. தூறல் வேறு. பாதி ரோட்டைக் கடந்துவிட்டாள், மறுபாதியில் இடது பக்கமிருந்து வண்டி. யாராக இருந்தாலும் அடிபட்டிருப்பார்கள் என்று போலீஸ்காரர் சொன்னார். நல்ல மனிதர். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவளும் கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். சுடலைமுத்து கையெழுத்துப் போட்டான். எடுக்க வந்தவர்கள், இந்தக் கண்ணை இன்னொருவருக்கு வைக்க முடியாது, படிக்கிற டாக்டர்கள் பழகுவதற்குத்தான் உதவும் என்றார்கள். அது அவளுக்கு முன்பே தெரியும். "எவனோ ஒருத்தன் தையல் படிக்கட்டுமே" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

இலஞ்சியில் அவளைத் தூக்குவதற்கு முன்னால் சுடலைமுத்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "சொன்னாக் கேட்டாளா பாவி? அந்த அருவிக்குப் போவாம இருந்திருந்தா இந்நேரம் வண்டி வாரது தெரிஞ்சிருக்கும்லா?" கூட்டம் முழுக்க ஆமாம் போட்டது. நான் தென்னைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஐந்தாம் நாள் தனியாக அவன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். வியாழக்கிழமை, சூடு, டாக்டரம்மாவின் அறை, பஸ், டீ. அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் சொன்னான்: "என் பொண்டாட்டிய ஊரு பூரா கொழுப்பெடுத்தவன்னு சொல்லிச்சி. நானும் சொன்னேன். வீட்டுக்குள்ள வச்சு அவ மூஞ்சிக்கு நேர எத்தன தடவ சொல்லியிருக்கேன் தெரியுமா? தலையக் குனிஞ்சிட்டுப் போவா. ஒரு வார்த்த சொல்லலியே. நீரு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கீரு." பிறகு எழுந்தான். "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? ஊருக்குச் சொல்லும் அண்ணாச்சி. சொல்லாம இனி இந்த வாசல்ல ஏறாதீரும்."

ஊருக்குச் சொல்லிவிட்டேன். இதைப் படித்துவிட்டு என் கடைக்கு வரப் பிடிக்காதவர்கள் வரவேண்டாம். அவள் எனக்காகச் சொன்ன பொய்யை இத்தனை காலம் வைத்துக்கொண்டு நல்ல பேரோடு வியாபாரம் செய்தேன், அது போதும். அவளுடையதாக என்னிடம் இருக்கப் போவது பிரிட்ஜ் கதவில் பழுத்துப்போய் ஒட்டியிருக்கிற அந்தத் தாள். சிவப்பு, கூச்சம், வலி, மங்கல். அதற்குக் கீழே, கண் போன பிறகு ஒருநாள் அவள் பேனாவால் கோணலாக எழுதினாள், 'சூடு இல்லை' என்று. எத்தனையோ பேர் அதைப் பார்த்துவிட்டு மருந்து வாங்கிப் போனார்கள். ஏன் அப்படி எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்கமாட்டாள். அதனால் நான் சொல்கிறேன். மாரிச்செல்வி சொன்னால் கேட்காதவள் அல்ல. கேட்டாள். என் பேச்சைக் கேட்டாள்.